சூடேறாத பால்

மாலை ஆறரை மணி இருக்கும். பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் தென்னை, தென்னைக்குப் பின்னால் சதுப்பு. சதுப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பகலிலேயே தெரியாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு லோரி… பின்சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு மறுவருடம். நம்மோடு டிப்போவில் வேலை பார்த்த வேலாயுதம் இல்லையா, அவனுடைய தாய்மாமனுக்கு நடந்தது இது. பெயர் பக்கிரிசாமி. வேலாயுதம் இன்றைக்கு இங்கே இருந்திருந்தால் இதைச் சொல்லவே விட்டிருக்க மாட்டான்.

பக்கிரிசாமி ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். பெண்சாதி மாரியாயி. பெண் குழந்தை ஒன்றைப் பெற்றுப் போட்டுவிட்டு, பிள்ளைபெற்ற காய்ச்சலிலேயே போய்விட்டாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கொஞ்ச நாள் மாற்றி மாற்றிப் பால் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்குக் கொடுப்பார்கள்? அப்புறம் டின் பால்தான். ஒருமுறை அவசரத்தில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, குழந்தை வயிற்றால் போய், கண் செருகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர்தான் காப்பாற்றினார்.

"பக்கிரி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பிள்ள தாங்காது. வெதுவெதுன்னு குடு. இல்லாட்டிக் குடுக்காத." அவ்வளவுதான் சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸில் அவனுடைய அக்காள் வீரம்மா இருந்தாள். புருஷனுக்கு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போடு, நான் வளர்க்கிறேன் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். கொப்பரை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போகிற லோரியில் பக்கிரிசாமி குழந்தையோடு ஏறினான். கிள்ளானில் இறங்கி, காலையில் ரயில் பிடிப்பதாகத் திட்டம்.

லோரி ஓட்டியவர் நாகையா. வாயாடி மனிதர். எஞ்சின் மூடியைத் திறந்து, புகைக்குழாய் மேல் தன் சோற்று டின்னைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார். "பத்து மைல் கட்ட தூரம் போனா சோத்துல ஆவி பறக்கும் தம்பி. என் பொண்டாட்டிகூட இவ்வளவு சூடாப் போட்டதில்ல," என்று வழியெல்லாம் அதே பெருமைதான்.

லோரி புதைந்ததும் நாகையா எஞ்சினை முறுக்கிப் பார்த்தார். சக்கரம் சுற்றியது. சேறு தெறித்தது. லோரி இன்னும் ஒரு சாண் கீழே போயிற்று. மறுபடியும், மறுபடியும் முறுக்கினார். ரேடியேட்டர் கொதித்து உஸ்ஸென்று சீறியது. நிறுத்திவிட்டார்.

அந்தச் சத்தம் அடங்கியதும் குழந்தை விழித்துக்கொண்டது.

"பசி தம்பி. பாலக் கரை. இந்தச் சூட்டுல உலையே வைக்கலாம்."

பக்கிரிசாமி போத்தலில் இருந்த தண்ணீரைச் சின்னத் தகர டின்னில் ஊற்றி, பாலைக் கரைத்து, மூடி போட்டுக் கொடுத்தான். நாகையா அதைச் சோற்று டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்தார். சோற்று டின்னின் மூடி அப்போதே தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. நாகையா துணியைச் சுற்றி டின்னை எடுத்தார். தகரம் சுட்டது, துணிக்கு மேலாகவே சுட்டது. பக்கிரிசாமி மூடியைத் திறந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான்.

ஜில்லென்றது.

சூடாகவில்லை என்றால் சரி, போகட்டும். இது அப்படியில்லை. நரம்பைச் சுண்டி இழுக்கிற குளிர்.

நாகையா சிரித்தார். மறுபடி வைத்தார். இந்த முறை டின்னின் அடி கறுத்துப்போகிற வரைக்கும் விட்டார். எடுத்துத் தன் விரலையே உள்ளே விட்டார்… சிரிப்பு நின்றது. விரலை வெளியே எடுத்து, இன்னொரு கைக்குள் பொத்திக்கொண்டார்.

"என்னாண்ணே?"

நாகையா அந்தப் பாலைக் கீழே கொட்டினார். வெறும் தண்ணீரை வைத்தார். அது கொதித்தது. குமிழ் விட்டுக் கொதித்தது, ஆவி முகத்தில் அடித்தது. "இதுல போடு," என்றார். பக்கிரிசாமி ஒரு கரண்டிப் பாலை விட்டான்.

ஆவி நின்றுவிட்டது. கத்தியால் அறுத்தாற்போல் நின்றுவிட்டது. தொட்டால்… ஜில்லென்று இருந்தது.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தவளைகள்கூடக் கத்தவில்லை.

"தம்பி… பின்னால ஒரு மலாய்க்காரக் கம்பத்தத் தாண்டி வந்தோமே, நாலஞ்சு வீடு இருந்துச்சே, அங்க போய் ஆள் கூட்டியாறேன். லோரியத் தள்ளணும்ல," என்றார் நாகையா. குழந்தை இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"நானும் வரேண்ணே."

"கைப்பிள்ளைய வெச்சுக்கிட்டு இந்தச் சேத்துலயா? உள்ள இரு. கதவச் சாத்திக்க."

இருந்த ஒரே லாந்தரையும் எடுத்துக்கொண்டு போனார். வெளிச்சம் ஆடி ஆடிச் சின்னதாகி, வளைவில் மறைந்தது.

பக்கிரிசாமி முன்னிருக்கையில் உட்கார்ந்தான். கொப்பரையின் காறல் வாசனை. மேற்கே தென்னைகளுக்கு நடுவில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. பால் டின்னைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். உடம்புச் சூட்டில் கொஞ்சமாவது ஏறாதா? வயிறு மரத்ததுதான் மிச்சம். குழந்தையின் அழுகை கரகரத்தது. பிறகு பூனைக்குட்டிபோல் ஆயிற்று. பிறகு அதுவும் இல்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தமே வரவில்லை. அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

இப்படியே கொடுத்துவிடலாமா? கொடுத்தால் போய்விடும். கொடுக்காவிட்டாலும் போய்விடும். டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றவன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் கேட்டது.

ஊ…ஃப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி… ஊ…ஃப்.

யாரோ ஊதுகுழல் வைத்து அடுப்பு ஊதுகிற சத்தம். லோரிக்கு முன்னால், எஞ்சின் பக்கத்திலிருந்து வந்தது. சத்தத்தோடு வாசனையும் வந்தது. ஓமம், பூண்டு, பெருங்காயம்… பிள்ளைபெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பார்களே, அந்த மருந்தின் வாசனை. அவனுடைய லயத்து வீட்டில் சில நாள் மட்டும் இருந்த வாசனை அது. மாரியாயியோடு போய்விட்ட வாசனை.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கால் சேற்றில் புதைந்தது. முன்பக்கம் போனான்.

ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஈரத் தலைமுடி. எஞ்சினுக்குக் கீழே குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அங்கே நெருப்பு ஒன்றும் இல்லை. மாரியாயி அடுப்படியில் உட்காருவதும் அப்படித்தான், வலது முழங்காலைக் கொஞ்சம் வெளியே தள்ளி.

"மாரியாயி," என்றான்.

அவள் திரும்பினாள்.

மாரியாயி இல்லை. அவன் பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத ஒரு பெண். கோரமும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. சந்தையில் பத்துப் பேரில் ஒருத்தியாகப் பார்த்து மறந்துவிடக்கூடிய முகம். அவள் அவனைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"குடு. நான் சுட வெச்சுத் தரேன்."

ஓடியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கே ஓடுவது? தோளில் கிடந்த தலை துவண்டு துவண்டு விழுந்துகொண்டிருந்தது. அவன் பால் டின்னைக் கொடுத்துவிட்டான்.

அவள் டின்னை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, குனிந்து ஊதினாள். ஊ…ஃப். ஊ…ஃப். திருப்பிக் கொடுத்தாள். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தான். வெதுவெதுவென்று, டிரசர் சொன்ன பதம். சங்கில் எடுத்துப் புகட்டினான். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. நின்றபடியே புகட்டினான், கடைசிச் சொட்டு வரைக்கும்.

அவன் நிமிர்வதற்குள் குரல் மட்டும் கேட்டது. காதுக்கு வெகு பக்கத்தில்.

"நாளைக்கும் எங்கிட்டயே குடு."

நாகையா கம்பத்து ஆட்களோடு திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர் எஞ்சின் மூடியில் கையை ஊன்றியவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூடி முழுக்க நீர் முத்து முத்தாய்ப் பூத்திருந்தது. கொதித்துச் சீறிக்கொண்டிருந்த எஞ்சின் கிணற்றுக்கல்லைப்போல் குளிர்ந்து கிடந்தது. சோற்று டின்னைத் திறந்தால் சோறு பாறையாக இறுகியிருந்தது. வந்தவர்களில் மூத்த மலாய்க்காரர் அதையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். மற்றவர்களிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவசர அவசரமாக லோரியைத் தள்ளிவிட்டு, கொடுத்த புகையிலையைக்கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் நாகையா வாய் திறக்கவில்லை. இறக்கிவிட்ட பிறகுதான் பேசினார்.

"கோவிச்சுக்காத தம்பி. இனிமே என் லோரியில ஏறாத."

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ். வீரம்மா குழந்தையை வாங்கி முத்தமிட்டாள், அழுதாள், கையோடு அடுப்பில் பாலை வைத்தாள். கரி கணகணவென்று இருந்தது. பால் ஜில்லென்று இருந்தது. சட்டியை மாற்றினாள், டின்னை மாற்றினாள், கடைக்குப் போய்ப் பசும்பால் வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்தாள். முச்சந்திக் காப்பிக்கடைக்காரர் தன் அடுப்பிலேயே காய்ச்சிக் கொடுத்தார். அவர் கையில் இருக்கும்வரை ஆவி பறந்தது. குழந்தைக்கென்று வாங்கியதும் நின்றது.

பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்குக் கைக்குழந்தை இருந்தது. "இவ்வளவு அவதி எதுக்கு, எங்கிட்ட விடுங்க," என்று பக்கிரிசாமியின் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டாள். ஒரு நிமிஷம் இருக்காது. முகம் வெளுத்து, குழந்தையை எடுத்து வீரம்மாவிடம் நீட்டினாள்.

"சில்லுன்னு இறங்குதுக்கா. உள்ள இருந்தே சில்லுன்னு இறங்குது." சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனவள், ரொம்ப நாளைக்கு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

பொழுது சாயும்போது பக்கிரிசாமி அக்காளிடம் நடந்ததைச் சொன்னான்.

"யாருடா அவ?"

"தெரியலக்கா."

"மாரியாயியா?"

"இல்ல. அவளா இருந்திருந்தா எனக்குப் பயமே இருந்திருக்காது."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பால் டின்னை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாண்டா. கோயிலுக்குப் போவோம்."

"போவலாம்க்கா. அதுவரைக்கும் பிள்ள சாவுறதப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?"

அவள் கையை விட்டுவிட்டாள்.

இருட்டில் டின்னை நீட்டினான். ஓமமும் பூண்டும் மணந்தன. ஊ…ஃப். திரும்பி வந்தபோது பால் சூடாக இருந்தது. குழந்தை குடித்துத் தூங்கிற்று. அடுக்களைக்குள் போன வீரம்மா அப்படியே நின்றுவிட்டாள். கணகணவென்று இருந்த கரி கறுத்துக் கிடந்தது. தொட்டால் ஈரம். உலையில் அரிசி பாதி வெந்து பாதி விறைத்து நின்றது.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். பிள்ளை பகலெல்லாம் வதங்கிக் கிடக்கும், மாலையில் குடிக்கும். குடிக்கிற ஒவ்வொரு முறையும் வீட்டில் எதுவோ ஒன்று குளிர்ந்துபோகும். ஒருநாள் அடுப்பு. ஒருநாள் விளக்கு, சுடரோடு அவிந்து, சிம்னியில் பனி பிடித்திருந்தது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி. பூசாரியை அழைத்து வந்து வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். பால் அன்றைக்கும் சூடாகத்தான் வந்தது. பூசாரி ஏற்றிய கற்பூரம்தான் பாதியில் நின்றது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு, தட்சணை கேட்காமல் போய்விட்டார்.

கோழி விஷயம் அதற்குப் பிறகு.

வீரம்மா கொல்லையில் ஒரு கோழியை அடைக்கு வைத்திருந்தாள். ஒரு காலை, தீனி போடப் போனவள் கூப்பிட்டாள். பக்கிரிசாமி போய்ப் பார்த்தான். கோழி முட்டைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது, கண் திறந்தபடி. தூக்கினால் மரக்கட்டை. அடியில் இருந்த முட்டைகள் கையில் ஒட்டுகிற அளவுக்குக் குளிர்ந்திருந்தன.

அவன் முட்டைகளைப் பார்த்தான். நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, அப்போதுதான் அவளுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. அவன் கண் அங்கே போனதைக் கண்டதும், அவளும் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள்.



பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போய்விடலாமா? எங்கே போனாலும் அங்கே ஒரு அடுப்பு இருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். கொடுக்காமல் இருந்துவிடலாமா? அதையும் முன்பே ஒருநாள் முயன்றிருந்தான். குழந்தை நீலம் பாரிக்கத் தொடங்கியதும் அவனே டின்னைத் தேடி ஓடினான்.

கோழி செத்த அன்று மதியமே அக்காளையும் அவள் புருஷனையும் செந்தூலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தான். நான் வந்து கூப்பிடாமல் வராதே என்றான். அடுப்பில் தண்ணீர் ஊற்றினான். விளக்கை அவித்தான். மீதிக் கோழிகளைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டான். வீட்டில் சூடு என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சம் இல்லை, குழந்தையையும் அவனையும் தவிர.

பொழுது இறங்கிற்று. பின்வாசலில் உட்கார்ந்தான். மடியில் பிள்ளை, கையில் டின். தூரத்தில் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. வாசனை வந்தது.

"இந்த வீட்டுல இனிமே எதையும் தொடாத," என்றான் பக்கிரிசாமி. "எங்கக்காவத் தொடாத. இவளத் தொடாத. வேணும்னா என்ன எடுத்துக்க."

டின் அவன் கையை விட்டுப் போயிற்று. ஊதுகிற சத்தம் இந்த முறை வாசலில் கேட்கவில்லை. அவன் மார்புக்கு நேரே, எலும்பை ஒட்டிக் கேட்டது.

ஊ…ஃப்.

மறுநாள் அவனே போய் வீரம்மாவை அழைத்து வந்தான். சிரித்துக்கொண்டே, "குடிச்சிட்டாக்கா. வயிறு நெறையக் குடிச்சிட்டா," என்றான். அவள் குழந்தையை வாங்கும்போது அவன் விரல்கள் பட்டன. ஆற்றுக்குள் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் இருந்தது என்று பின்னாளில் அவள் சொல்வாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு குளிரவில்லை. விளக்கு அவியவில்லை. வீரம்மாவின் வயிற்றிலிருந்து வேலாயுதம் முழுசாக, ரோஜா நிறத்தில், வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தான். ஒவ்வொரு மாலையும் பக்கிரிசாமி மட்டும் டின்னோடு பின்வாசலில் உட்கார்ந்து எழுந்து வருவான். வரும்போது உதடு கறுத்திருக்கும்.

பெண்ணுக்குப் பல் முளைத்து, சோறு தின்னத் தொடங்கினாள். பால் நின்றது. வாசனையும் வருவதில்லை. ஆனால் பக்கிரிசாமியின் உடம்பை விட்டுப் போன சூடு திரும்பவில்லை. தண்டவாளத்தில் கல் அள்ளிப் போடுகிற வேலை கிடைத்தது அவனுக்கு. உச்சி வெயிலில் மற்றவர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். இவன் கம்பளிப் போர்வைக்குள் நடுங்குவான். ஒரு சொட்டு வேர்வை அவன் மேல் கண்டவர் இல்லை. பெற்ற பெண்ணைத் தூரத்தில் நின்றுதான் பார்ப்பான். அவள் ஓடி வந்தால், "கிட்ட வராதம்மா, அப்பாவுக்குக் குளிரு," என்பான். அக்காள் மகன் வேலாயுதத்தை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

இப்படியே பல வருடம். ஒரு விடியற்காலையில் போர்வைக்குள்ளேயே போய்விட்டான். டாக்டர் வந்து, உடம்பின் குளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேற்று சாயங்காலமே உயிர் போயிருக்கிறது என்றார்.

குளிப்பாட்ட வாசலில் பலகையில் கிடத்தினார்கள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர். முதல் குடத்தை வீரம்மாதான் தூக்கி, தம்பியின் தலையிலிருந்து ஊற்றினாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, கழுத்து வழியாக மார்பில் இறங்கியது.

மார்பிலிருந்து ஆவி எழுந்தது.

சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். வீரம்மா இன்னொரு குடம் ஊற்றினாள். இன்னொரு குடம். தெருவில் இருந்த பானைத் தண்ணீரெல்லாம் தீர்ந்தது. இத்தனை வருடம் போயிருந்த சூடெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்ததுபோல், கடைசிக் குடம் வரைக்கும் ஆவி பறந்துகொண்டே இருந்தது.